தியாகராஜன் என்ற பெயரின் பொருளும் பின்னணியும்: மகனுக்குச் சூட்டலாமா?

கேள்வி: வெண்ணாற்றங்கரை, நீடாமங்கலம்

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு அண்மையில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. என் தந்தையாரின் பெயர் தியாகராஜன். மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம் என்பதால், தொட்டில் போடும் அன்று குழந்தையின் அத்தை காதில் சொல்ல வேண்டிய பெயர் இதுதான் என்று என் தாயார் முன்பே முடிவு செய்துவிட்டார்.

என் மனைவி கோயம்புத்தூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். பெரியவர்கள் மீது அவருக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இந்தப் பெயரைப் பற்றி அவர் கேட்ட கேள்விக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "தியாகம் என்றால் தனக்கென்று இருப்பதைப் பிறருக்காக இழப்பதுதானே? பிறந்த பிள்ளையிடம், நீ வாழ்நாள் முழுவதும் இழந்துகொண்டே இரு என்று சொல்வது போல ஒரு பெயரை ஏன் வைக்க வேண்டும்?" என்பது அவருடைய ஐயம். அவர் தட்டிக்கழிப்பதற்காகக் கேட்கவில்லை. பொருள் தெரிந்து மனநிறைவோடு அழைக்க வேண்டும் என்று விரும்புகிறார்.

வடமொழியில் இந்தப் பெயருக்கு உண்மையான பொருள் என்ன? நம் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் தெருவுக்கு ஒரு தியாகராஜன் இருப்பதற்குக் காரணம் திருவாரூர்க் கோயில் மட்டும்தானா? குறிப்பிட்ட சமூகத்தார்தான் இந்தப் பெயரை வைப்பார்கள் என்று சிலர் சொல்வது சரியா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

தம்பி, முதலில் வாழ்த்துகள். உங்கள் மனைவியார் கேட்டது நல்ல கேள்வி. இன்று நாம் தியாகம் என்ற சொல்லைப் பயன்படுத்தும் விதத்தை வைத்துப் பார்த்தால் அந்த ஐயம் எழத்தான் செய்யும்.

வடமொழியில் 'த்யஜ்' என்ற வினையடிக்கு விடுதல் என்று பொருள். கையில் உள்ளதை விட்டு நீங்குவதையும், கையில் உள்ளதைப் பிறர் கையில் கொடுத்துவிடுவதையும் அதிலிருந்து பிறந்த 'த்யாக' என்ற ஒரே சொல் குறிக்கும். பகவத்கீதையின் 18ஆம் அத்தியாயம் முதல் பொருளை மிக நுட்பமாக எடுத்துக்கொண்டு, செயலை விடுவது அன்று, செயலின் பயனை விடுவதே தியாகம் என்று விளக்குகிறது. ஆனால் இச்சொல் தமிழ்நாட்டு அரசவைகளிலும் புலவர் வாக்கிலும் புழங்கியபோது இரண்டாவது பொருளே, அதாவது கொடை என்ற பொருளே, முன்னால் நின்றது. 1118 முதல் 1135 வரை ஆண்ட விக்கிரம சோழனுக்குத் 'தியாகசமுத்திரம்' என்பது ஒரு சிறப்புப் பெயர். அதற்குக் கொடைக்கடல் என்றுதான் பொருள் கொள்ள முடியும். இழப்புக் கடல் என்று எந்த வேந்தனும் தன்னை அழைத்துக்கொள்ள மாட்டான். முதற் குலோத்துங்கனின் தேவியர்களில் ஒருவர் பெயர் தியாகவல்லி. அந்தப் பெயரிலும் அதே கொடைதான் இருக்கிறது. எங்கள் கும்பகோணம் வட்டாரத்தில் தியாகசமுத்திரம் என்றே ஓர் ஊர் இருக்கிறது.

ஆகவே தியாகராஜன் என்றால் கொடுப்பவர்களுக்கெல்லாம் அரசன், வள்ளல்களின் தலைவன் என்பதே பழைய வழக்கில் நேரான பொருள். கொடுப்பதற்கு முதலில் கையில் நிறைய இருக்க வேண்டும். எனவே குறையைச் சொல்லும் பெயராக இதைக் கருத வேண்டியதில்லை; நிறைவைச் சொல்லும் பெயர் இது. விடுதலைப் போராட்டக் காலத்தில் சிறை சென்றவர்களையும் உயிரைக் கொடுத்தவர்களையும் தியாகிகள் என்று நாடு போற்றத் தொடங்கிய பிறகுதான், இழப்பு என்ற நிழல் அந்தச் சொல்லின் மீது இவ்வளவு அழுத்தமாக விழுந்தது என்பது என் கருத்து.

எழுத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சொல்லின் முதலில் 'த்யா' என்ற மெய்க்கூட்டம் தமிழில் வராது என்பதால் 'தியா' என்று விரிந்தது. 'ராஜன்' என்பதைக் கிரந்த எழுத்து நீக்கி 'ராசன்' என்று எழுதுவது தொல்காப்பியம் சொல்லும் முறைக்கு ஒத்தது. 'ராஜ' என்பது 'ராய' என்று திரிந்த வடிவமே தியாகராயர். சென்னையில் தியாகராய நகர் என்ற பெயருக்குக் காரணமான, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரும் இதுவேதான். மூன்றில் எதை எழுதினாலும் பெயர் ஒன்றே.

எங்கள் ஊரில் பணியாற்றியவர் என்ற உரிமையில் இன்னொருவரையும் நினைவுகூர வேண்டும். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். 1880இல் தாம் ஓய்வு பெற்றபோது, அந்த இடத்துக்கு இளைஞரான உ. வே. சாமிநாதையரைக் கொண்டுவர அவரே முன்னின்று பரிந்துரைத்தார். அந்த வேலை கிடைத்து, அதன் பின் ஏடுகள் அச்சேறிய வரலாறு அனைவருக்கும் தெரியும். தம் நாற்காலியைத் தக்கவர் கையில் ஒப்படைத்த ஒருவர் இந்தப் பெயரோடு வாழ்ந்திருக்கிறார் என்பதை உங்கள் மனைவியாரிடம் அவசியம் சொல்லுங்கள்.

மறுமொழி: கமலாலயக் கீழ்க்கரை, திருவாரூர்

ஆசிரியர் ஐயா சொற்பொருளைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் கோயில் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் ஊரில் பிள்ளைக்குத் தியாகராஜன் என்று பெயர் வைக்கும்போது யாரும் ஒரு குணத்தை நினைத்து வைப்பதில்லை. உள்ளே எழுந்தருளியிருக்கும் சுவாமியின் பெயரை வைக்கிறார்கள், அவ்வளவுதான். பழனிப் பக்கத்தில் தண்டபாணி எப்படியோ அப்படி.

திருவாரூரில் மூலவர் வன்மீகநாதர், அதாவது புற்றிடங்கொண்டார். தியாகராஜர் தனிச் சன்னிதியில் இருக்கும் சோமாஸ்கந்த மூர்த்தி: சிவனும் உமையும் நடுவில் கந்தனும். அவருடைய திருமேனியை யாரும் முழுதாகக் காண முடியாது. முகம் மட்டும் தெரியும். மற்றவை ஆடைகளாலும் மலர்களாலும் மூடப்பட்டிருக்கும். இடது பாதத்தைப் பங்குனி உத்திரத்திலும் வலது பாதத்தை மார்கழித் திருவாதிரையிலும் தரிசிக்கலாம். அந்த நாட்களுக்காகவே வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு வருவார்கள்.

இந்த மூர்த்தி இங்கே வந்த கதையைக் கந்தபுராணம் சொல்கிறது. அசுரரோடு நடந்த போரில் இந்திரனுக்கு முசுகுந்தச் சக்கரவர்த்தி துணை நின்றார். அதற்குக் கைம்மாறாக என்ன வேண்டும் என்று இந்திரன் கேட்டபோது, திருமால் தம் மார்பில் வைத்துப் பூசித்து, பின்பு இந்திரனிடம் வந்த இந்த மூர்த்தியையே முசுகுந்தர் கேட்டார். கொடுக்க மனமில்லாத இந்திரன் அதே போல இன்னும் ஆறு வடிவங்களைச் செய்வித்து, ஏழையும் முன்னால் வைத்து, உண்மையானதை எடுத்துக்கொள்ளச் சொன்னான். முசுகுந்தர் சரியானதையே அடையாளம் காட்டினார். வேறு வழியின்றி ஏழையும் இந்திரன் கொடுத்துவிட்டான். அந்த ஏழும் இருக்கும் தலங்கள்தான் சப்தவிடங்கத் தலங்கள்: திருவாரூர், திருநள்ளாறு, நாகப்பட்டினம், திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர், திருமறைக்காடு. இந்தத் தலங்களில் தியாகராஜரை விடங்கர் என்பார்கள். ஒவ்வொன்றிலும் விடங்கருக்குத் தனிப்பெயரும் தனி நடனமும் உண்டு. எங்கள் ஊரில் அவர் வீதிவிடங்கர், நடனம் அசபா நடனம். உதடு அசையாமல் மூச்சோடு மூச்சாக ஓதுவதுதான் அசபை. திருமாலின் மார்பில் இருந்தபோது அவருடைய மூச்சின் ஏற்ற இறக்கத்தில் ஆடிய ஆட்டம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சுவாமி வெளியே வரும்போது தூக்குபவர்கள் முன்னும் பின்னும் மெல்ல அசைந்து வருவதை அருகில் நின்று பார்த்தால் அது புரியும்.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் வீதிவிடங்கர் என்ற பெயரே பெரிதும் வழங்குகிறது. இந்த வீதிவிடங்கர் கோயிலைக் கற்றளியாக்கிய, அதாவது கல்லால் கட்டிய, செய்தி முதலாம் இராசேந்திரனோடும் அவனுக்கு நெருக்கமான பரவை நங்கையாரோடும் இணைத்துச் சொல்லப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலிலும் தட்சிணமேரு விடங்கர் என்றொரு திருவுரு இருந்தது. அங்கே நகைகளை நிறுக்கும் எடைக்கல்லுக்கே தட்சிணமேரு விடங்கன் என்று பெயர் வைத்திருந்தார்கள் என்பதை இராசராசன் கல்வெட்டுகளில் காணலாம். பிள்ளைக்கு மட்டுமல்ல, எடைக்கல்லுக்கும் சுவாமி பெயர் வைத்த நாடு இது.

கொடுப்பவர் என்ற பொருளுக்கு எங்கள் ஊரில் சுந்தரர் கதையைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. திருமுதுகுன்றத்தில் இறைவன் கொடுத்த பொன்னை அவர் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, இங்கே கமலாலயக் குளத்தில் இறங்கி எடுத்தார். குண்டையூரில் மலை போலக் குவிந்த நெல்லை எடுத்துச் செல்ல ஆள் இல்லாமல் திருக்கோளிலியில் பதிகம் பாட, பூதகணங்கள் அந்த நெல்லைச் சுமந்து வந்து சுந்தரரின் மனைவி பரவையார் வீடு மட்டுமின்றித் திருவாரூர்த் தெருவெல்லாம் குவித்துவிட்டுப் போயின. பொன் கேட்டால் பொன், நெல் கேட்டால் நெல், ஊடிய பரவையாரிடம் தூது போகச் சொன்னால் நள்ளிரவில் தூது. இப்படிக் கொடுத்தவரைத் தியாகராஜர் என்று அழைக்காமல் வேறு எப்படி அழைப்பது?

சுந்தரருக்குப் பெற்றோர் வைத்த பெயரே நம்பி ஆரூரன் என்பதையும் கவனியுங்கள். அவர் பிறந்தது திருநாவலூரில். பெயரோ எங்கள் ஊருடையது. ஆரூரன், தியாகேசன், விடங்கன் என்று இன்றும் வைக்கிறார்கள். ஆழித்தேர் ஓடும் நாளில் 96 அடி உயரத் தேர் வடம் இழுபட்டு அசையும்போது, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் முதல் மாடியில் நிற்கும் பெண்கள் வரை "ஆரூரா! தியாகேசா!" என்று ஒரே குரலில் கூப்பிடுவார்கள். உங்கள் மனைவியாரை ஒருமுறை அந்த வீதியில் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

மறுமொழி: இசை மாணவி, திருவையாறு

சகோதரரே, இந்தப் பெயரைச் சொன்னதும் உலகம் முழுவதும் நினைப்பது சத்குரு தியாகராஜ சுவாமிகளை. அவர் பிறந்ததும் திருவாரூரில்தான், 1767இல். தெலுங்கு பேசும் குடும்பம். தந்தை ராமபிரம்மம், தாய் சீதம்மா. திருவாரூர்ப் பெருமானின் அருளால் பிறந்த பிள்ளை என்பதால் அந்தப் பெயர் வைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பின்பு குடும்பம் திருவையாற்றுக்கு வந்தது. 1847இல் காவிரிக் கரையில் அவர் சமாதி அடைந்தார். ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமியில் நடக்கும் ஆராதனை எங்கள் ஊருக்கே திருவிழா. அந்தச் சமாதியில் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதில் என் மனத்தை மிகவும் தொட்டது வேறொன்று. சிவனுடைய பெயரைத் தாங்கியவர் வாழ்நாள் முழுவதும் ராமனைப் பாடினார். கீர்த்தனையின் முடிவில் தம் பெயரையே முத்திரையாக வைத்தார். தியாகராஜனால் போற்றப்பட்டவனே என்று அவர் ராமனை விளிக்கும்போது, அந்தத் தியாகராஜன் பாடுகிற பக்தனும் ஆகலாம், ராமனைப் போற்றும் சிவனும் ஆகலாம். இரண்டு பொருளும் ஒரே பெயரில் பொருந்தி நிற்கின்றன. பெற்றோர் வைத்த பெயர் ஒருவருடைய பாட்டுக்குள் இவ்வளவு ஆழமாக இறங்கியதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சங்கீத மும்மூர்த்திகள் மூவருமே திருவாரூரில் பிறந்தவர்கள். முத்துசுவாமி தீட்சிதருக்குப் பெயர் வந்தது வைத்தீசுவரன் கோயில் முத்துக்குமாரசுவாமியிடமிருந்து. அதே தீட்சிதர் திருவாரூர்த் தியாகராஜர் மீது எட்டு வேற்றுமைகளிலும் கீர்த்தனைகள் செய்திருக்கிறார். தியாகராஜன், தியாகராஜனை, தியாகராஜனால் என்று ஒரே பெயர் வேற்றுமை உருபுக்கு ஏற்ப மாறிக்கொண்டே போகும். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் சாகஜியோ இதே பெருமானைத் தெலுங்கில் பாடியவர்.

சமூகத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு காலத்தில் தமிழ்நாட்டையே தம் குரலால் கட்டிப்போட்ட எம். கே. தியாகராஜ பாகவதர் 1910இல் மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர். செட்டியார், பிள்ளை, ஐயர், வேளாண்மை செய்பவர், தட்டான், நெசவாளர் என்று எல்லா வீடுகளிலும் இந்தப் பெயர் உண்டு.

மறுமொழி: உப்பளத்தார், வேதாரண்யம்

எங்கள் ஊரும் விடங்கத் தலம்தான். இங்கே அவர் புவனிவிடங்கர். 1930இல் உப்பு சத்தியாகிரகம் நடந்த ஊரும் இதுதான். அதனால் தியாகராஜர் என்றால் சுவாமி, தியாகி என்றால் உப்பு அள்ளிச் சிறை போன பெரியவர் என்று இரண்டும் எங்கள் காதில் சேர்ந்தே விழுந்து வளர்ந்தோம். ஆசிரியர் ஐயா இழப்பு என்பது பிற்காலத்து நிழல் என்கிறார். நான் அதை நிழலாகக் கருதவில்லை. நாட்டுக்காகக் கொடுத்ததும் கொடைதானே? அவர்களை யாரும் இழந்தவர்கள் என்று பரிதாபமாகப் பார்த்ததில்லை. எழுந்து நின்று கும்பிட்டார்கள்.

வெண்ணாற்றங்கரை, நீடாமங்கலம்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அனைத்தையும் என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். திருவாரூர் ஐயா சொன்ன நெல் கதையைத் திரும்பவும் ஒருமுறை படிக்கச் சொன்னார். பெயர் வைப்பதில் இப்போது அவருக்குத் தடையில்லை.

இன்னும் இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. மாமனார் பெயரை வாய்விட்டுச் சொல்லி, அதிலும் அதட்டிக் கூப்பிட, அவருக்குக் கூச்சமாக இருக்கிறது. மருத்துவமனையில் பிறப்பைப் பதிவு செய்தபோது பெயர் கொடுக்கவில்லை. சான்றிதழில் ஜ போடுவதா, ச போடுவதா என்பதும் முடிவாகவில்லை.

மறுமொழி: குத்தாலம் பெரியம்மா

மகனே, இது நம் பக்கத்து மருமகள்கள் எல்லோருக்கும் இருந்த சங்கடம். அதற்காகத்தான் வீட்டில் கூப்பிட வேறொரு பெயர் வைப்பது. என் பிள்ளைக்கும் அவன் தாத்தா பெயர்தான். நான் ஒருநாளும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, தம்பி என்றே அழைத்து வளர்த்தேன். மாமியார் "தியாகு" என்பார். மாமனார் இருக்கும்போது அந்தச் சுருக்கத்தைக்கூட நான் சொன்னதில்லை. உன் மனைவி ஆரூரன் என்று கூப்பிடட்டும். சுவாமியும் அவரே, ஊரும் அதுவே, மாமனார் பெயரும் வாயில் வராது. தொட்டில் போடும்போது அத்தை மூன்று முறை தியாகராஜன் என்று காதில் சொன்ன பிறகு, தாய் ஆரூரன் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.

மறுமொழி: ஊராட்சிப் பணியில் இருந்தவர், மன்னார்குடி

பதிவு பற்றி மட்டும் சொல்கிறேன். பெயர் இல்லாமல் பிறப்பு பதிவாகியிருந்தால், பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்க வேண்டும். ஒருமுறை பெயரைச் சேர்த்துவிட்டால் பின்னர் அதை மாற்றுவது எளிதன்று. எனவே பெற்றோர் இருவரும் முடிவு செய்த பிறகு விண்ணப்பம் கொடுங்கள். தமிழில் ஜ எழுதினாலும் ச எழுதினாலும் பதிவாளர் ஏற்றுக்கொள்வார். சிக்கல் ஆங்கில எழுத்துகளில்தான் வரும். இந்தப் பெயரின் முதல் அசையைச் சிலர் ஐ போட்டும் சிலர் ஒய் போட்டும் எழுதுகிறார்கள். எச் விடுபடுவதும் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று ஆகிவிட்டால் பிற்காலத்தில் கடவுச்சீட்டு எடுக்கும்போது பிள்ளை அலைய வேண்டியிருக்கும். உங்கள் தந்தையாரின் ஆதாரில் உள்ள எழுத்துகளையே அப்படியே பின்பற்றுங்கள்.